கைமாறி வந்த பாட்டுகள்: ஒரு ரசிகையின் நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

ரிச்சர்ட் தாம்ப்சன் என்று சொன்னால் என் தமிழ் நண்பர்கள் "யார் அவர்?" என்றுதான் கேட்கிறார்கள். இங்கிலாந்திலும் அப்படிக் கேட்பவர்கள் உண்டு. 1949இல் லண்டனில் பிறந்தவர். 1967இல் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற இசைக்குழுவைத் தொடங்கிய இளைஞர்களில் ஒருவர். அன்றிலிருந்து இன்றுவரை கிட்டார் வாசிக்கிறார், பாட்டு எழுதுகிறார், ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறார். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003இல் வெளியிட்ட நூறு சிறந்த கிட்டார் கலைஞர்கள் பட்டியலில் அவருக்கு 19ஆம் இடம். ஆனாலும் ஊரே முணுமுணுக்கும்படி பெரிய ஹிட் என்று ஒன்று அவர் குரலில் வந்ததில்லை. அப்படியிருந்தும் இத்தனை காலம் அவர் மேடையில் நிற்கிறார் என்றால், அவரோடு நின்றவர்களும் அவர் பாட்டை அடுத்தவரிடம் சேர்த்தவர்களும்தான் காரணம். அவர்களுக்கு எல்லோர் முன்னாலும் நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. தமிழில் எழுதுவதால் இவர்களில் பலர் இதைப் படிக்க முடியாது. பரவாயில்லை, நேரில் பார்க்கும்போது வாசித்துக்காட்டிப் பொருள் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் நன்றி எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் பான்பரி என்ற ஊரில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. நாங்கள் குடிவந்த புதிதில் மாலை நேரங்களில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கிட்டார் கேட்கும். ஒருநாள் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்கும்போது, அது என்ன இசை என்று கேட்டேன். உள்ளே போனவர் ஓர் இசைத்தட்டோடு திரும்பி வந்தார். 'ஐ வான்ட் டு சீ த பிரைட் லைட்ஸ் டுநைட்'. ரிச்சர்டும் அப்போது அவர் மனைவியாக இருந்த லிண்டாவும் சேர்ந்து 1974இல் வெளியிட்டது. "கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்" என்றார். எங்கள் வீட்டில் ரெக்கார்ட் பிளேயர் இல்லை என்று தெரிந்ததும், மறுநாள் அதையும் அவரே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தக் கடைசிப் பாட்டு, 'த கிரேட் வலேரியோ', கயிற்றின் மேல் நடக்கும் ஒரு கழைக்கூத்தாடியைப் பற்றியது. கீழே கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது. லிண்டாவின் குரல், கூட ஒரு கிட்டார், அவ்வளவுதான். குரலில் நடுக்கம் கிடையாது, அழுகை கிடையாது. ஒவ்வொரு வரிக்கும் நடுவே கிட்டார் மெதுவாக ஓர் அடி எடுத்துவைக்கும். எங்கே விழுந்துவிடப் போகிறானோ என்ற பயம் கேட்கிற நமக்குத்தான். என் அம்மா மதுரையில் காலமாகி, நான் காரியத்துக்குப் போய்த் திரும்பியிருந்த சமயம் அது. யார் வந்து ஆறுதல் சொன்னாலும் மனசு ஒட்டவில்லை. ஆறுதல் சொல்லவே முயலாத அந்தப் பாட்டு மட்டும் கூடவே இருந்தது. பெரியவரிடம் போய் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அடுத்த தட்டை எடுத்துக் கொடுத்தார் என்பது நினைவிருக்கிறது.

அந்த ஆல்பத்தை 1973இல் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். அப்புறம் எண்ணெய் நெருக்கடி வந்து, தட்டு அச்சிட வினைல் பிளாஸ்டிக் கிடைக்காமல், அடுத்த வருடம்தான் கடைக்கு வந்தது. பதிவு செய்த ஜான் வுட்டுக்குத் தனியாக ஒரு நன்றி. குரலைச் சுற்றி இவ்வளவு வெற்றிடம் விட்டுப் பதிவு செய்ய ஒரு தைரியம் வேண்டும்.

இப்போது ஃபேர்போர்ட் குழுவுக்கு வருகிறேன். இதைச் சற்று நீட்டியே சொல்ல வேண்டும்.

1969 மே 12. பர்மிங்காமில் கச்சேரியை முடித்துக்கொண்டு லண்டனுக்குத் திரும்பும் வழியில், எம்1 நெடுஞ்சாலையில் குழுவின் வேன் விபத்துக்குள்ளானது. டிரம்ஸ் வாசித்த மார்ட்டின் லாம்பிளும் ரிச்சர்டின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்துபோனார்கள். மார்ட்டினுக்கு வயது 19. ரிச்சர்டுக்கு அப்போதுதான் 20 முடிந்திருந்தது. அந்த வயதுப் பிள்ளைகள் இப்படி ஓர் அடிக்குப் பிறகு ஆளுக்கொரு திசையில் போயிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க முடியாது. கலைத்துவிடலாமா என்று யோசித்தவர்கள், தொடர்வது என்று முடிவெடுத்தார்கள். ஹாம்ப்ஷயரில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற சிற்றூரில் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்து, அந்தக் கோடை முழுக்க அங்கேயே தங்கிப் பயிற்சி செய்தார்கள். பழகிய பாணியை அப்படியே விட்டுவிட்டு, பழைய கதைப்பாடல்களை மின்கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் கொண்டுவந்தார்கள். அந்த டிசம்பரில் வந்ததுதான் 'லீஜ் அண்ட் லீஃப்'. நாட்டுப்புறப் பாட்டையும் ராக்கையும் கலக்கும் இங்கிலாந்தின் ஃபோக் ராக் இசைக்கு அதுதான் தலைவாசல். 2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் எல்லாக் காலத்திலும் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய ஃபோக் ஆல்பமாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஆக, லண்டனில் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சிசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் உட்கார்ந்து பழம் பாட்டுகளைத் தோண்டி எடுத்த ஆஷ்லி ஹட்சிங்ஸுக்கு நன்றி. வயலினோடு வந்து சேர்ந்த டேவ் ஸ்வார்பிரிக்குக்கும், மார்ட்டின் விட்டுப்போன இடத்தில் உட்காரும் பாரத்தை ஏற்றுக்கொண்ட டேவ் மட்டாக்ஸுக்கும் நன்றி. முதல் நாளிலிருந்து ரிச்சர்டுக்குத் துணைக் கிட்டாராக நின்ற சைமன் நிக்கலுக்கும், இவர்களை நம்பிப் பணத்தையும் நேரத்தையும் போட்ட தயாரிப்பாளர் ஜோ பாய்டுக்கும் நன்றி. குழுவின் பாடகி சாண்டி டென்னிக்கு எப்படிச் சொல்வது? 1978இல் 31 வயதிலேயே போய்விட்டார். அந்த ஆல்பத்தின் 'டாம் லின்' பாட்டில் கதை சொல்லும் அந்தக் குரலும், பின்னால் ரிச்சர்டின் கிட்டார் வெட்டி வெட்டி விழுவதும் கேட்டால், இருவருக்கும் நடுவே என்ன ஒரு நம்பிக்கை இருந்தது என்று தெரியும்.

லிண்டாவைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவருக்குத் தொண்டை இறுகிக் குரல் எழும்பாமல் போகும் டிஸ்ஃபோனியா என்ற கோளாறு. அதோடு போராடிக்கொண்டுதான் பாடினார். 'ஷூட் அவுட் த லைட்ஸ்' ஆல்பத்துக்கான பாட்டுகளை முதலில் பதிவு செய்து கொடுத்தவர் பாடகர் ஜெரி ராஃபர்டி. எந்த நிறுவனமும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு ஜோ பாய்டின் சிறிய ஹானிபல் நிறுவனத்துக்காகத் திரும்பப் பதிவு செய்து, 1982இல் வெளிவந்தது. அதே வருடம் மணவாழ்க்கை முறிந்துகொண்டிருக்கும்போதே இருவரும் ஒரே மேடையில் நின்று அமெரிக்கா முழுக்க அந்தப் பாட்டுகளைப் பாடினார்கள். ரசிகர்கள் அந்தக் கச்சேரிகளைப் பற்றி ஏதோ சண்டைக் காட்சி போலப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவ்வளவு வலியிலும் பாட்டைக் கைவிடாத ஒரு பெண்ணின் உழைப்பைத்தான் நான் அதில் கேட்கிறேன். குரல் ஒத்துழைக்காத நிலையில், தான் எழுதிய பாட்டுகளை மற்றவர்களைப் பாடவைத்து 2024இல் 'ப்ராக்ஸி மியூசிக்' என்ற ஆல்பம் கொண்டுவந்தார். பிள்ளைகள் டெடியும் கமிலாவும்கூட இசைக்காரர்கள்தான். லிண்டா அம்மா, உங்களுக்கு என் வணக்கம்.

அடுத்த நன்றி, எங்கள் ஊர் பப்பின் பின்னறையில் கூடும் ஃபோக் கிளப்பில் எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவருக்கு. ரிச்சர்டின் '1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்' பாட்டு எனக்கு வேண்டும் என்று கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. "சரி, முதலில் சுருதியை மாற்றுவோம்" என்றார். ஆறாவது கம்பியை ஈ-யிலிருந்து சி வரை இறக்க வேண்டும், ஐந்தாவதை ஏ-யிலிருந்து ஜி-க்கு. மற்ற நான்கும் அப்படியே. மூன்றாவது கட்டையில் கேப்போ, அதாவது எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி. வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிக் என்ற மீட்டும் வில்லையைப் பிடித்துக்கொண்டு கீழ்க்கம்பிகளில் தாளத்தை ஓட்டும்போதே, நடுவிரலும் மோதிர விரலும் மேல்கம்பிகளில் ராகத்தைப் பறிக்க வேண்டும். ஒரே ஆள் வாசிப்பது இரண்டு ஆள் வாசிப்பதாகக் கேட்பதன் ரகசியம் இந்த இரண்டு விரல்களில்தான் இருக்கிறது. அந்த விரல்கள் தனியாக நடக்கப் பழகும்வரை, பாட்டின் பக்கமே போகவிடாமல் பொறுமையாக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கிய கம்பி அடியில் இரைந்துகொண்டே இருக்க, மேலே ராகம் ஓடும். ரிச்சர்டின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர். மகனுடைய கிட்டாருக்குள் எப்போதும் ஸ்காட்லாந்தின் பேக்பைப் என்ற ஊதுவாத்தியம் ஒலித்துக்கொண்டிருப்பது அதனால்தான் என்பது ஆசிரியரின் கட்சி. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பாட்டின் கதை எளியது. ஜேம்ஸ் என்ற திருடன், செம்பட்டை முடிக்காரி மோலி, இருவருக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள். கடைசியில் குண்டடி பட்டுக் கிடக்கும் ஜேம்ஸ், வண்டிச் சாவியை மோலியிடம் கொடுக்கிறான். பழைய கதைப்பாடல் ஒன்றில் குதிரை இருக்க வேண்டிய இடத்தில், ஸ்டீவனேஜில் செய்த வின்சென்ட் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம். 1991இல் வந்த பாட்டு. டைம் பத்திரிகை 2011இல் நூறு சிறந்த பாட்டுகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. அமெரிக்காவில் டெல் மெக்குரி இதை அந்நாட்டு நாட்டுப்புறப் பாணியான புளூகிராஸில் பாட, அங்கே இது அந்த ஊர்ப் பாட்டாகவே ஆகிவிட்டது. அவருக்கும், ரிச்சர்டின் 'டிம்மிங் ஆஃப் த டே' பாட்டைப் பாடிய அமெரிக்கப் பாடகி பானி ரைட்டுக்கும் நன்றி. அவர்கள் குரலில் கேட்டுவிட்டு, எழுதியது யார் என்று தேடி வந்த ரசிகர்கள் நிறைய.

ஃபோக் கிளப்பை நடத்தும் அம்மாவுக்கும் நன்றி. நான் பாடவேண்டிய அன்று மருத்துவமனையில் என் ஷிஃப்ட் தள்ளிப்போனது. மற்றவர்களிடம் சொல்லி, என் முறையைக் கடைசிக்கு மாற்றி, கதவைப் பூட்டாமல் காத்திருந்தார்.

அப்புறம் கிராப்ரெடி. பான்பரிக்குப் பக்கத்தில், கால்வாய்க் கரையோரம் ஒரு கிராமம். 1979இல் ஃபேர்போர்ட் குழு பிரியாவிடை என்று சொல்லி அங்கே வாசித்தது. ரசிகர்கள் விடவில்லை. அடுத்த வருடமே திரும்பக் கூடினார்கள். அது வளர்ந்து ஆகஸ்ட் மாதத் திருவிழாவாகிவிட்டது. ரிச்சர்டும் பல முறை வந்து பழைய நண்பர்களோடு வாசித்திருக்கிறார். வயல்வெளியில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, மழை வந்தால் நனைந்துகொண்டே கேட்கும் கூட்டம் அது. நான் முதலில் போனபோது எனக்கு அங்கே யாரையும் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பதி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார்கள், மழைக்கு ஒரு தார்ப்பாய் கொடுத்தார்கள். கடைசிப் பாட்டு எப்போதும் 'மீட் ஆன் த லெட்ஜ்'. பத்தொன்பது வயதில் ரிச்சர்ட் எழுதியது. எனக்கு வார்த்தைகள் சரியாகத் தெரியாது என்று பார்த்துவிட்டு, அந்தம்மா நிகழ்ச்சித் தாளின் பின்பக்கத்தில் முழுப் பாட்டையும் எழுதிக் கொடுத்தார். மழைத்துளி பட்டு மை பரவிய அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நானும் எழுந்து நின்று பாடினேன். பெயர் கேட்டுக்கொள்ளாமலே பிரிந்துவிட்டோம்.

ரிச்சர்டுக்கும் ஒரு வார்த்தை. சின்ன வயதில் உங்களுக்குத் திக்குவாய் இருந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். பேச்சு தடுமாறிய அந்த வயதில், வீட்டில் அப்பாவிடம் ஜாங்கோ ரைன்ஹார்ட், லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர்களின் தட்டுகளும், அக்காவிடம் ராக் அண்ட் ரோல் தட்டுகளும் இல்லாமல் போயிருந்தால் எங்கள் கதி என்ன? அவர்களுக்கும் எங்கள் நன்றியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 75 வயதில், 2024இல், 'ஷிப் டு ஷோர்' என்று புதுப் பாட்டுகளோடு வந்தீர்கள். பழைய பாட்டுகளை வைத்தே மிச்சக் காலத்தை ஓட்டியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. அதற்காகவே உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் தமிழ் நண்பர்களுக்கு: வின்சென்ட் பாட்டில் தொடங்குங்கள், பிறகு 'பிரைட் லைட்ஸ்' ஆல்பத்தை ஒரே மூச்சில் கேளுங்கள். பான்பரிப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுக்கே வரலாம், தட்டுகளை எடுத்துக்கொண்டு போகலாம். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ரெக்கார்ட் பிளேயர் இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அன்புடன்,
பான்பரியிலிருந்து ஒரு ரசிகை