டேட்டாபேஸை மாணவர்களே நிறுவட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலியில் சர்வர் பராமரிப்பு வேலை செய்கிறேன். வேலை கேட்டு வரும் கணினிப் பட்டதாரிகளை நேர்காணல் செய்வதும் என் பொறுப்பு. டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் மொழியான எஸ்க்யூஎல் பற்றிய கேள்விகளுக்கு டக்கென்று பதில் சொல்கிறார்கள். வெறும் லினக்ஸ் மெஷினைக் கொடுத்து, போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவி ஓடவையுங்கள் என்றால் திகைத்துப்போகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. ஆய்வகத்தில் எல்லாவற்றையும் யாரோ முன்பே நிறுவி வைத்திருக்கிறார்கள். பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைவதோடு மாணவர் வேலை சரி.

மென்பொருளை நிறுவுவது வேறு, டேட்டாபேஸை இனிஷியலைஸ் செய்வது, அதாவது தரவு வைக்கும் இடத்தை முதன்முதலாக உருவாக்குவது வேறு. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் மூலம் நிறுவினால் இரண்டும் சேர்ந்தே முடிந்துவிடும்: 'மெயின்' என்ற பெயரில் ஒரு கிளஸ்டர் (டேட்டாபேஸ்கள் இருக்கும் தொகுப்பு) உருவாகி, சர்வீஸும் ஓடத் தொடங்கும். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் வகையில், அதேபோன்ற கருவியான டிஎன்எஃப் மென்பொருளை மட்டுமே நிறுவும். தரவு டைரக்டரியை உருவாக்க செட்டப் கட்டளையை நாம்தான் தனியாகக் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் சர்வீஸை ஸ்டார்ட் செய்தால், டைரக்டரி காலி என்று பிழை காட்டி நின்றுவிடும்.

உபுண்டுவில்தான் தானாக நடக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. தமிழுக்கு அடி விழுவது அங்கேதான். கிளஸ்டர் உருவாகும் நேரத்தில் மெஷினின் லோக்கேல் (மொழி, வட்டார அமைப்பு) என்னவோ, அதை வைத்தே என்கோடிங், அதாவது எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை முடிவாகிறது. லோக்கேல் அமைக்காத சின்ன கன்டெய்னர்களில் (மெஷினுக்குள் தனித்து ஓடும் சூழல்கள்) அது எழுத்து எது என்று பார்க்காத 'எஸ்க்யூஎல் ஆஸ்கி' ஆகிவிடும். அதில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று வரும், பைட்டுகளை எண்ணுகிறது. எல்லா மொழி எழுத்துகளையும் அறிந்த யூடிஎஃப்-8 என்கோடிங் என்றால் 5; த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. பெயருக்குப் 10 எழுத்து என்று வரம்பு வைத்திருந்தால் 'தமிழ்' என்ற சொல்லே உள்ளே போகாது! வரிசையும் கெடும். லோக்கேல் அமைக்காதபோது அமையும் 'சி' லோக்கேலில் 'கனி' முதலில் வரும், 'கப்பல்' அப்புறம். யூனிகோடு எண்ணில் னகரம் பகரத்துக்கு முன்னால் இருப்பதே காரணம். அகராதி பார்த்துப் பழகிய எவருக்கும் இது உறுத்தும். ஏற்கெனவே உருவான டேட்டாபேஸின் என்கோடிங்கை மாற்ற வழியும் இல்லை. தரவை டம்ப் எடுத்து (கோப்பாக வெளியே எடுத்து), சரியான என்கோடிங்கில் புதிதாக ஒன்றை உருவாக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். தரவு பெருகிய பிறகு இது பெரிய தலைவலி.

எனவே பாடத்திட்டம் வகுப்போருக்கு என் வேண்டுகோள்: டேட்டாபேஸ் ஆய்வகத்தின் முதல் வகுப்பு, நிறுவுவதிலிருந்தே தொடங்கட்டும். கிளஸ்டரை உருவாக்கும் இனிட்-டிபி கட்டளையை ரூட்டாக (முழு அதிகாரமுள்ள நிர்வாகிக் கணக்கில்) ஓட்டினால் ஏன் மறுக்கிறது என்று மாணவர்கள் யோசிக்கட்டும். என்கோடிங்கையும் லோக்கேலையும் தாங்களே கொடுத்து உருவாக்கட்டும். செய்முறைத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் வேண்டும். கல்லூரி மெஷின்களில் ரூட் அனுமதி தர முடியாது என்பார்கள். சரி, ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் தனிக் கணினி) கொடுக்கலாமே. போஸ்ட்கிரெஸும் லினக்ஸும் இலவசம்தான். கெட்டுப்போனால் அழித்துவிட்டு அன்றைக்கே மறுபடி நிறுவிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்,
திருநெல்வேலி.