லேசருக்குப் பிறகும் உன் கண் நீண்ட கண்தான்

அன்பு மகளுக்கு,

லேசர் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, கண்ணாடி இல்லாமலே எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் கடைசியில், "இனிமேல் கண் டாக்டர் பக்கமே போக வேண்டாம்" என்று ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் உடனே பதில் எழுதுகிறேன். போக வேண்டும்மா. ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

லேசர் தொட்டது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கார்னியாவை மட்டும்தான். அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் தடிமன், அவ்வளவே. ஆனால் கண்ணுக்குள் வரும் ஒளியை வளைக்கும் வேலையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதனுடையது. அது கண்ணாடிபோல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதால் அதற்குள் ரத்தக்குழாயே கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

அதற்குப் பின்னால் இருக்கும் லென்ஸின் வேலை, பார்க்கும் தூரத்துக்கு ஏற்றபடி தன் வடிவத்தை மாற்றிக்கொள்வது. கிட்டத்தில் படிக்கும்போது அதைச் சுற்றியுள்ள தசை இறுகும், லென்ஸைப் பிடித்திருக்கும் நுண்ணிய நார்கள் தளரும், லென்ஸ் உருண்டு தடிக்கும். அந்த லென்ஸைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதன் நட்டநடுவில் இருக்கும் இழைகள் நீ என் வயிற்றில் இருந்தபோதே உருவானவை. தோலும் ரத்தமும் எத்தனையோ முறை புதிதாகிவிட்டன. லென்ஸில் மட்டும் புது இழைகள் வெளிப்புறமாகச் சேர்கின்றனவே தவிர, அந்தப் பழைய நடுப்பகுதி அப்படியே இருக்கிறது. எப்போது நினைத்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வளர்ந்தவர்களின் கண், முன்னிருந்து பின்வரை சுமார் 24 மில்லிமீட்டர் இருக்கும். அது ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக வளர்ந்தாலே பவர் ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று வரை மைனஸில் இறங்கிவிடும். நீ போட்டிருந்தது மைனஸ் 7. அப்படியானால் உன் கண் எவ்வளவு நீண்டிருக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். ஒளி பின்சுவரில் உள்ள விழித்திரைக்கு வந்து சேருமுன்பே குவிந்துவிட்டதால்தான் தூரத்துப் பொருள்கள் உனக்கு மங்கலாகத் தெரிந்தன. லேசர் கார்னியாவைத் தட்டையாக்கி, அந்தக் குவியத்தைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறது. கண்ணின் நீளம் ஒரு இம்மிகூடக் குறையவில்லை.

எனக்குக் கவலையெல்லாம் விழித்திரையைப் பற்றித்தான். பெரும்பகுதி கால் மில்லிமீட்டர் அளவே தடிமன் உள்ள அந்தப் படலத்தில், மங்கிய ஒளியை உணரும் செல்கள் ஒவ்வொரு கண்ணிலும் சுமார் 12 கோடி. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டும் செல்கள் 60 லட்சம்தான். இவை மிக நெருக்கமாகக் கூடியிருப்பது நடுவில் ஒரு சின்னக் குழியில். இந்தக் கடிதத்தை நீ படிப்பதே அந்தக் குழியால்தான். நீண்ட கண்ணில் இந்தப் படலம் இழுபட்டு, ஓரங்களில் மெலிந்துபோகிறது. கண்ணுக்குள் நிறைந்திருக்கும் ஜெல் வயதாக ஆகச் சுருங்கும். உன்னைப்போல் கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு அது சீக்கிரமே தொடங்கிவிடும். சுருங்கும்போது எங்கேயாவது ஒட்டிக்கொண்டு இழுத்தால் மெலிந்த இடம் கிழியும். கிழிசல் வழியே நீர் புகுந்தால், ஈரம் இறங்கிய சுவரில் ஒட்டிய காகிதம்போல விழித்திரை உரிந்து வரும். உரிந்த பகுதிக்குப் பின்னாலிருந்து வரும் ஊட்டம் நின்றுவிடும்.

இதில் வலி இருக்காது. விழித்திரைக்கு வலி தெரியாது. அதை இழுத்தாலும் வெளிச்சமாகத்தான் உணரும். அதனால்தான் இருட்டில்கூட மின்னல்போல் ஒளிக்கீற்று தெரிகிறது. அப்படித் தெரிந்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் நிறைய மிதந்தாலோ, ஒரு ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடு. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதே. ஒரு காலத்தில் விழித்திரை பிரிந்தால் பார்வை போனதுதான். அந்தக் கிழிசலே காரணம், அதை அடைத்தால் கண் பிழைக்கும் என்று விடாப்பிடியாக நின்று செய்து காட்டியவர் ஸ்விட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஜூல்ஸ் கோனான். அதை உலகம் ஏற்றுக்கொண்டதே 1920-களில்தான். இன்று, பிரிவதற்கு முன்பே கிழிசலைக் கண்டுபிடித்துவிட்டால் லேசரால் சுற்றிலும் ஒட்ட வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே வெட்டித் திறக்க வேண்டிய அவசியமே வராது.

ஓரங்களில் இருக்கும் மெலிவு சாதாரணப் பார்வைப் பரிசோதனையில் தெரியாது. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிட்டாய் என்பதால் உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்க்க வேண்டும். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று டாக்டரிடமே கேட்டுக்கொள். அன்று சில மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். நீயே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதே, யாரையாவது துணைக்கு அழைத்துக்கொள்.

அப்புறம், புதிதாக எந்த டாக்டரிடம் போனாலும் பழைய பவர் மைனஸ் 7 என்று முதலிலேயே சொல்லிவிடு. கண்ணாடி போடாதவளைப் பார்த்து அவர்கள் எப்படி ஊகிப்பார்கள்? லேசருக்கு முன் கார்னியாவை அளந்து கொடுத்த காகிதங்களையும் தூக்கிப் போட்டுவிடாதே. பின்னாளில் கண்புரைக்கு உள்லென்ஸ் வைக்க நேர்ந்தால், அதன் பவரைக் கணக்கிட அந்தப் பழைய அளவுகள் உதவும். ஒரு நகல் எடுத்து எனக்கும் அனுப்பி வை, நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா