லூக்கா 18-ஐ நிறுத்தாமல் வாசி

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். இங்கே மும்பை சயானில் அம்மாவும் நானும் நல்ல சுகம். மழைதான் விட்டபாடில்லை.

நீ போனில் அழுததை அம்மா சொன்னாள். என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும், பரவாயில்லை. அங்கே ஜெபக்கூட்டத்தில் ஒருவர் உன் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு, "விசுவாசம் குறைவுபடுகிறது, அதனால்தான் கர்ப்பம் தங்கவில்லை" என்றாராமே. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் கோபத்தில் ஏதாவது சொல்லித் தொலைப்பேன்.

வேதாகமத்தில் பிள்ளையில்லாமல் தவித்த அன்னாளுக்கும் இதுதானே நடந்தது? சீலோ ஆலயத்தில் அவள் மனங்கசந்து அழுதாள், சத்தம் வரவில்லை, "உதடுகள் மாத்திரம் அசைந்தது". வாசல் நிலையண்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஏலி, பொம்பளை குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டான். வருஷக்கணக்காக ஆசாரிய ஊழியம் செய்தவனுக்கே கண்ணெதிரே நடக்கும் ஜெபம் ஜெபமாகத் தெரியவில்லை. நானாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவள், "அப்படியல்ல, என் ஆண்டவனே, நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ" என்றாள். மரியாதை குறையவில்லை, ஆனால் செய்யாத தப்பை ஏற்றுக்கொள்ளவும் இல்லை. பெரியவர் எதைச் சொன்னாலும் ஆமென் போடுவதுதான் தாழ்மை என்று நம் சபைகளில் பழக்கிவிட்டார்கள். அன்னாள் போடவில்லை. நீயும் போடாதே.

அதற்குப் பிறகு அவள் போய்ச் சாப்பிட்டாள், "அப்புறம் அவள் துக்கமுகமாயிருக்கவில்லை" என்று இருக்கிறது, எடுத்துப் பார். பிற்பாடு பிறந்த மகன் சாமுவேல் அந்த நேரத்தில் வயிற்றில் வரவில்லை. ஊற்ற வேண்டியதை ஊற்றிவிட்டாள், பசித்தது, சாப்பிட்டாள். அன்னாளுக்குக் கொடுத்தவர் உனக்கும் கொடுப்பார் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டுவிடலாம். சாட்சி சொல்கிறவர்கள் அப்படித்தான் முடிப்பார்கள். எனக்கு அது தெரியாது மகளே. அப்போஸ்தலன் பவுலும் தன்னை வாதித்த ஒரு வேதனையை, மாம்சத்திலிருந்த முள் என்பாரே, அதை எடுத்துப்போடச் சொல்லி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். "என் கிருபை உனக்குப்போதும்" என்றுதான் பதில் வந்தது. பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று அந்த மனுஷர் சொல்வாரா? சொல்லட்டும் பார்ப்போம்.

"இனிமேல் ஜெபிக்கிறதையே விட்டுவிடட்டுமா" என்று கேட்டாயாம். லூக்கா 18-ஐ ஒரே மூச்சில் வாசி. நம் ஊழியர்கள் அதில் இயேசு சொன்ன விதவையின் உவமையோடு நிறுத்திக்கொள்வார்கள். அவள் அநீதியுள்ள நியாயாதிபதியை ஓயாமல் அலட்டினாள், நீதி கிடைத்தது, நாமும் விடாமல் தட்டுவோம், அல்லேலூயா. ஆனால் அடுத்த பாராவிலேயே பக்திமான் என்று பேரெடுத்த பரிசேயனும், வரி வசூலிப்பதால் பாவி என்று ஒதுக்கப்பட்ட ஆயக்காரனும் வருகிறார்கள். பரிசேயனும் ஜெபத்தை விடாதவன்தான். வாரத்தில் இரண்டுதரம் உபவாசம், தசமபாகம், எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறான். ஆயக்காரனிடம் கணக்கே இல்லை. தூரத்தில் நின்றான், தலை நிமிரவில்லை, ஒரே ஒரு வரி சொன்னான். விதவையின் பிடிவாதம் இவனுடைய தலைகுனிவோடு சேர்ந்து வரவேண்டும் என்றுதான் லூக்கா இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார் என்பது என் எண்ணம். தலைகுனிவு இல்லாமல் பிடிவாதம் மட்டும் இருந்தால், கொஞ்ச நாளில் ஆண்டவரை மிரட்ட ஆரம்பித்துவிடுவோம். "இந்த மாசமே, இந்த நிமிஷமே" என்று மைக்கில் கத்துகிறார்களே, அது எனக்கு மிரட்டலாகத்தான் கேட்கிறது.

நான் வேலை பார்த்த மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற வைப்போம். புதுப் பையன்கள் அவசரப்பட்டு ஸ்பேனரில் பைப்பைச் சொருகித் தொங்குவார்கள். தலை முறிந்து கையோடு வரும், உடல் உள்ளேயே நிற்கும். அப்புறம் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். சரி, ஒர்க்‌ஷாப் கதையை ஆரம்பித்தால் உனக்குத் தூக்கம் வந்துவிடும்.

போன மாதம் ஒரு புதன்கிழமை கீழ்வீட்டுப் பாட்டிக்குத் துணையாக மாகிம் கத்தோலிக்க சர்ச்சுக்குப் போனேன். 1948-இல் ஆரம்பித்த நவநாள், ஒன்பது புதன் தொடர்ந்து வந்து மாதாவிடம் வேண்டிக்கொள்கிற ஜெபம், இன்றைக்கும் புதன் வந்தால் அந்த ரோட்டில் வண்டி நகராது. இந்து, முஸ்லிம், நம் சபை ஆட்கள் எல்லாரும் வருகிறார்கள். நம் ஆட்கள் மட்டும் வந்ததை வெளியே சொல்வதில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். பிள்ளை வரம் கேட்டுக் காணிக்கை வைக்க வெளியே கடையில் வாங்கிய மெழுகுக் குழந்தைப் பொம்மையைப் பேப்பரோடு பிடித்திருந்தாள். கைச்சூட்டில் பேப்பர் மெழுகில் ஒட்டிக்கொண்டது. நவநாள் புத்தகத்தை அவள் திறக்கவேயில்லை, உதடு மட்டும் அசைந்தது. இந்தப் பக்கம் ஒரு ஆள், "ஒன்பது புதன் முடிச்சாச்சு, பிளாட் இன்னும் கைக்கு வரலை" என்று என்னிடம் கணக்கு ஒப்புவித்துக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. நம்முடைய 21 நாள், 40 நாள் உபவாசம் மட்டும் என்ன வாழ்கிறதாம்? இன்னதைச் செய்கிறேன் என்று நேர்ந்து பொருத்தனை பண்ணுவது தப்பில்லை, அன்னாளும் பண்ணினாள். ஆனால் பையன் பால் மறந்ததும் சொன்னபடியே கொண்டுபோய் சீலோவில் விட்டாளே, அதை யார் பேசுகிறார்கள்?

ஜெபத்தில் புது வார்த்தை வரவில்லை, சொன்னதையே சொல்கிறேன் என்றும் வருத்தப்பட்டாயாம். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவரே "அந்த வார்த்தைகளையே சொல்லி" மூன்றாந்தரமும் ஜெபித்திருக்கிறார். உனக்கென்ன? ஒரு வரி போதும். அழுகை வந்தால் அதுவும் போதும். வராவிட்டாலும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார், பிறகு எழுந்து வேலையைப் பார்.

அந்தக் கூட்டத்துக்குக் கொஞ்ச நாள் போகவேண்டாம். வேறு சபையில் ஆராதனைக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். டாக்டர் கொடுத்திருக்கிற தேதியைத் தள்ளிப்போடாதே. மாத்திரையை நிறுத்திவிட்டு விசுவாசத்தில் நில் என்று எவராவது சொன்னால் மாப்பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிடு, அவர் பேசிக்கொள்வார். மாப்பிள்ளைக்கும் இதே மனவேதனை இருக்கும், ஆண்பிள்ளை வெளியே சொல்லமாட்டார். அவர் சாப்பிட்டாரா என்று நீயும் கேள்.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள், அங்கே வருகிறவர் யாராவது இருந்தால் சொல். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா