பிறர் எழுதிய பயணங்களையும் எடுத்துச் சொல்வோம்: குமரி மாவட்டப் பயணக் கட்டுரையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். குமரி மாவட்டத்தின் கடற்கரையையும் மலையையும் கோவில்களையும் கோட்டைகளையும் சுற்றிப் பார்த்துத் தமிழில் எழுதிவரும் உங்கள் எல்லோருக்கும் இம்மடலை எழுதுகிறேன். நான் வேண்டுவது ஒன்றே. மாதம் ஒரு முறையாவது, வேறொருவர் எழுதியதில் நமக்கு மிகவும் பிடித்த ஒரு பயணக் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, எழுதியவர் பெயரைச் சொல்லி, அது ஏன் பிடித்தது என்பதையும் எழுதி, நம் வாசகர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நம் சொந்தக் கட்டுரையைப் பரப்புவதற்கு நாம் செலவிடும் உழைப்பில் சிறு பங்கு இதற்குப் போதும்.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு இணைந்து உருவான மாவட்டம் நம்முடையது. பரப்பில் சிறியது, ஆனால் காலையில் மணக்குடிக் கழிமுகத்தில் நின்றவர் அன்று மதியமே பேச்சிப்பாறை மலையடிவாரத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடலாம். இவ்வளவு இருந்தும், நம் மாவட்டத்தைப் பற்றி எழுதப்படுபவை பெரும்பாலும் விவேகானந்தர் பாறை, 133 அடி வள்ளுவர் சிலை, சூரிய உதயம், சுசீந்திரம், திற்பரப்பு என்ற ஒரே தடத்தில் போய்த் திரும்பிவிடுகின்றன. வெளியூர்க்காரர்கள் ஒரு நாளில் பார்க்க வருவது இவற்றைத்தான் என்பதால், அதை எழுதுவதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்தத் தடத்தை விட்டு விலகி எழுதப்பட்ட அருமையான கட்டுரைகளும் இருக்கின்றன. எடுத்துச் சொல்ல ஆளில்லாத ஒரே காரணத்தால் அவை எழுதியவரின் நண்பர் வட்டத்தைத் தாண்டாமல் நின்றுபோகின்றன.

சான்றாகச் சிவாலய ஓட்டத்தைச் சொல்கிறேன். மகாசிவராத்திரியை ஒட்டி, முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலத்தில் முடியும்படி, பன்னிரண்டு சிவன் கோவில்களை ஓடியும் நடந்தும் தரிசிக்கும் வழிபாடு அது. சிவனைக் காண ஓடுகிறவர்கள் ‘கோவிந்தா, கோபாலா’ என்று கூவுவதற்கான கதையும், கோவில்களின் வரிசையும், கையில் பிடித்திருக்கும் பனையோலை விசிறியும் எல்லோருடைய கட்டுரையிலும் வந்துவிடும். நான் திரும்பத் திரும்பப் படித்த ஒரு கட்டுரை இவை அனைத்தையும் இரண்டே வரியில் கடந்துவிடுகிறது. அதை எழுதியவர் ஓடியவர் அல்லர்; திற்பரப்பிலிருந்து திருநந்திக்கரைக்குப் போகும் வழியில் சாலையோரமாக வீடுள்ள ஒரு சகோதரி. இரவெல்லாம் அடுப்பு அணையாமல் சுக்குத் தண்ணீர் காய்ச்சி, வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்ததை அவர் எழுதியிருந்தார். வெறுங்காலோடு வருகிறவர்களுக்காக அவருடைய மாமனார் மாலையிலேயே வாசலுக்கு நேரே கிடக்கும் சரளைக் கற்களைப் பெருக்கித் தள்ளிவிடுகிறார். நின்றால் கால் பிடித்துக்கொள்ளும் என்று பலர் நடந்தபடியே குவளையை வாங்கிக் குடித்து, கொஞ்ச தூரம் தள்ளி யாருடைய மதிலின் மேலோ வைத்துவிட்டுப் போகிறார்கள். விடிந்ததும் பிள்ளைகள் அந்த மதில் நெடுகக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு வருகிறார்கள். பன்னிரண்டு கோவில்களின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய எனக்கு, அந்த ஓட்டம் வழியோர வீடுகளாலும் நடத்தப்படுகிறது என்பதை உணர்த்தியது அந்தக் கட்டுரைதான். அதைப் பற்றி நம்மில் ஒருவர்கூட ஒரு வார்த்தை எழுதியதாக நான் பார்க்கவில்லை.

இதே போல, சிதறால் மலையில் முக்குடையின்கீழ் அமர்ந்திருக்கும் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களைப் பள்ளி மாணவர்களோடு போய்ப் பார்த்து ஓர் ஆசிரியர் எழுதியதும், பாசனக் கால்வாய் நீரை ஏந்தி ஏறத்தாழ 115 அடி உயரத்தில் பறளியாற்றைக் கடக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சுற்றுலாப் பயணியாக அல்லாமல், அந்தத் தண்ணீரை நம்பிப் பயிர் செய்த குடும்பத்துப் பிள்ளையாக ஓர் இளைஞர் எழுதியதும் என் நினைவில் நிற்கின்றன. இவற்றை எழுதியவர்கள் தொடர்ந்து எழுதுகிறவர்கள் அல்லர். ஒன்றோ இரண்டோ எழுதினார்கள், ஏனென்று கேட்பார் இல்லை, விட்டுவிட்டார்கள். நமக்கு ஏற்கெனவே வாசகர்கள் இருக்கிறார்கள். அந்த வாசகர்களை இவர்களிடம் அனுப்பி வைப்பது நம் கடமை என்றே நான் கருதுகிறேன்.

இது நமக்குப் புதிய வழக்கமும் அன்று. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்லி அனுப்புவதாகப் பாடப்பட்டவைதாம் ஆற்றுப்படைகள். மலைவழியைச் சொல்லும் ஓர் ஆற்றுப்படையில், பன்றிக்காக வைத்த பொறி எங்கே இருக்கும், யானையை விரட்டப் புனங்காவலர் எறியும் கவண்கல் எங்கே வந்து விழும் என்பதுவரை எச்சரிக்கை வருகிறது. தான் பெற்றதை இன்னொருவரும் பெற வேண்டும் என்ற அக்கறை இருந்தால்தான் அப்படி நுணுக்கமாகச் சொல்ல முடியும். நம் காலத்துக்கு அருகில் வந்தால், ஏ. கே. செட்டியார் இருக்கிறார். உலகத்தையே சுற்றி வந்து எழுதிய அவர், தம் பயணங்களை எழுதியதோடு நிற்காமல், தமிழ்நாட்டைப் பற்றிப் பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடிச் சேர்த்துத் தொகுத்து வெளியிட்டார். அவர் எழுதியவற்றுக்கு இணையான தொண்டாகவே அந்தத் தொகுப்பு வேலையை நான் மதிக்கிறேன்.

பகிர்தல் என்று நான் சொல்வது, கட்டுரையை வெட்டி எடுத்து வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதை அன்று. நான் எழுதிய கட்டுரை ஒன்று, பெயர் நீக்கப்பட்டு, யாரோ ஒருவருடைய வாழ்த்து வரியோடு எனக்கே வந்து சேர்ந்திருக்கிறது. உங்களில் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். பெயரை நீக்கிப் பரப்புவது எழுதியவருக்குச் செய்யும் களவு. எவ்வளவு ஆயிரம் பேர் படித்தாலும் அதில் அவருக்கு ஒன்றும் இல்லை. ஆகவே, கட்டுரை முழுவதையும் எடுத்துப் போடாமல், அது வெளியான இடத்துக்கே வாசகரை அனுப்புவோம்; படம் எடுத்தாள வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி கேட்போம். ‘அருமை, அவசியம் படியுங்கள்’ என்ற ஒற்றை வரியும் போதாது. எந்தப் பத்தி நம்மை நிறுத்தியது, நமக்குத் தெரிந்த ஊரில் நமக்குத் தெரியாத எதை அது காட்டியது என்று நாலு வரி எழுதினால்தான், படிப்பவருக்கு அங்கே போக மனம் வரும், எழுதியவருக்கும் அடுத்ததை எழுதத் தெம்பு வரும்.

பழைய கட்டுரைகளை எடுத்துச் சொல்லும்போது, அவை எந்த ஆண்டில் எழுதப்பட்டவை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கடல்நீர் மட்டம் தாழ்ந்தால் வள்ளுவர் சிலைக்குப் படகு போகாது என்று முன்பு எழுதியது அன்றைக்கு மெய். 2024 டிசம்பர் இறுதியில் இரு பாறைகளுக்கும் இடையே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறக்கப்பட்ட பிறகு, விவேகானந்தர் பாறையில் இறங்கி நடந்தே சிலைக்குப் போகலாம். 2004 ஆழிப்பேரலைக்கு முந்திய மணக்குடியைப் பற்றிய கட்டுரை இன்று வழி காட்டாது; ஆனால் அலை அடித்துச் சென்ற பழைய பாலத்தையும் அதன் மேல் நடந்த மனிதர்களையும் அறிய அதுவே துணை. இரண்டு வகைக்கும் இடம் உண்டு. எது எந்த வகை என்பதை எடுத்துச் சொல்பவர் தெளிவாக்கிவிட்டால் போதும்.

இன்னும் ஒன்றைக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. விடுதியோ உணவகமோ பணம் கொடுத்தோ இலவசமாகத் தங்கவைத்தோ எழுதச் செய்த கட்டுரைகளை, நமக்குப் பிடித்தது என்ற பெயரில் கொண்டு வர வேண்டாம். அதைப் போலவே, முட்டத்துப் பாறைகளின் விளிம்பில் அலைக்கு முதுகு காட்டி நின்று எடுத்த படத்தையும், காட்டாற்றில் எச்சரிக்கைப் பலகையைத் தாண்டி இறங்கிய கதையையும் சாகசமாகப் புகழும் எழுத்து எவ்வளவு சுவையாக இருந்தாலும் நாம் பரப்பலாகாது. அதைப் படித்துவிட்டு அங்கே போய் நிற்கப் போகிறவர் அந்தக் கடலை அறியாத யாரோ ஒருவராகத்தான் இருப்பார்.

யாருடைய எழுத்தைத் தேடுவது என்று கேட்பீர்களானால், கடற்கரை ஊர்களிலிருந்து எழுதுகிறவர்களையும், தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுமுன்னே வந்து போகிறவர்களையும், மலைப்பகுதிக் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் யாரேனும் இருந்தால் அவர்களையும் முதலில் தேடுங்கள் என்பேன். பெண்கள் எழுதிய பயணங்களுக்குத் தனிக் கவனம் கொடுங்கள். எந்தப் பேருந்தில் இரவு திரும்பி வரலாம், எந்த இடத்தில் கழிப்பறை உண்டு, எங்கே தனியாக உட்கார்ந்து கடலைப் பார்க்க முடியும் என்பதையெல்லாம் அவர்கள்தாம் எழுதுகிறார்கள். நம் நீண்ட வருணனைகளில் இவை இடம்பெறுவதே இல்லை.

வரும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இதைத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். ஒரே கட்டுரையைப் பலரும் எடுத்துக்கொள்ளாதிருக்க, தேர்ந்தெடுத்ததை இரண்டு நாள் முன்பே ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்வோம். தம் கட்டுரையைத் தாமே முன்மொழிவதும், நீ என்னுடையதைச் சொல், நான் உன்னுடையதைச் சொல்கிறேன் என்ற உடன்பாடும் வேண்டாம். சுக்குத் தண்ணீர்க் கட்டுரையை நான் எடுத்துக்கொள்கிறேன். எழுதிய சகோதரியிடம் அனுமதியும் பெற்றுவிட்டேன். நாள் ஒத்துவராதவர்களும் இந்த முறையில் குறை காண்பவர்களும் அதற்கு முன்பே எனக்கு எழுத வேண்டுகிறேன்.

தங்கள் அன்புள்ள,
தக்கலைப் பகுதியிலிருந்து, உங்களைப் போலவே பயணங்களை எழுதிவரும் ஒருவன்