மணி கட்டிலுக்கு அடியிலேயே இருக்கட்டும்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து, நீங்கள் காப்பகத்திலிருந்து எடுத்து வந்த நாய் மணியைப் பற்றிய யோசனையாகவே இருக்கிறது. "கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறான்ப்பா, கூப்பிட்டால் வருவதே இல்லை, எங்களைப் பிடிக்கவில்லை போல" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் பேரன் போனை வாங்கிக்கொண்டான். கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான். இதைச் சாவகாசமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

அவனுக்கு உங்களைப் பிடிக்காமல் இல்லை. பயப்படுகிறான், அவ்வளவுதான். தெருவில் வளர்ந்து, காப்பகக் கூண்டில் கிடந்துவிட்டு, திடீரென்று ஒரு நாள் வேளச்சேரியில் நாலாவது மாடிக்கு வந்திருக்கிறான். லிஃப்ட், மிக்ஸி, குக்கர் விசில் எல்லாமே அவனுக்குப் புதுசு. காப்பகங்களில் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று நாளில் மிரட்சி கொஞ்சம் குறையும், மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் இது நம் இடம் என்ற எண்ணம் வரும். இது தோராயமான கணக்குதான். அடிபட்டு வந்த நாய்க்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். நீ நாள் எண்ணாதே.

கட்டிலுக்கு அடியிலிருந்து அவனை இழுக்க வேண்டாம். அங்கேயே ஒரு பழைய பெட்ஷீட்டைப் போட்டுக் கொடு. அந்த இடத்தில் யாரும் தன்னைத் தொடமாட்டார்கள் என்று தெரிந்தால்தான் தானாக வெளியே வருவான். தண்ணீர்க் கிண்ணத்தைப் பக்கத்தில் வை. அவனுக்குக் கால் வழுக்குவதாகச் சொன்னாயே, கட்டிலிலிருந்து பால்கனி வரைக்கும் ஜமக்காளமோ சாக்கோ விரித்துவிடு. டைல்ஸில் கால் வழுக்கினால் நல்ல நாயே நடக்கப் பயப்படும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அவன் முன்னால் குனியாதீர்கள். நம் ஊரில் தெருநாயின் முன்னால் ஒருவர் குனிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், கல் எடுக்கிறார். நீ ஆசையாகத் தடவக் குனிவது அவனுக்கு அப்படித்தான் தெரியும். துடைப்பத்தைக் கண்டு ஓடுவதும் அதனால்தான். அவன் இருக்கும் அறையைக் கொஞ்ச நாள் அவன் வெளியே போயிருக்கும்போது பெருக்கு. நீ தரையில் உட்கார், அவனுக்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார், கண்ணை நேராகப் பார்க்காதே. வேக வைத்த கோழித்துண்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். அவனாக வந்து மோந்தால் மோந்துகொள்ளட்டும், உடனே கை நீட்டிவிடாதே. அப்புறம் ஒருநாள் தானே வந்து நிற்பான். அன்றைக்கும் தலைக்கு மேலே கையைக் கொண்டுபோகாமல் நெஞ்சுப் பக்கம் மெல்லச் சொறிந்து கொடு. கொஞ்சம் சொறிந்துவிட்டுக் கையை எடு. இன்னும் வேண்டுமென்றால் நெருங்கி வருவான், வேண்டாமென்றால் நகர்ந்துவிடுவான். எதைச் செய்தாலும் சரி என்று விட்டுவிடு.

தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுகிறான், நாக்கால் மூக்கை நக்குகிறான், முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்கிறான் என்றால், போதும், தள்ளிப் போ என்கிறான் என்று அர்த்தம். அதைக் கவனிக்காவிட்டால் உறுமுவான். மாப்பிள்ளை உறுமலுக்கு அதட்டினார் என்று சொன்னாய். அவரிடம் நான் சொன்னதாகச் சொல், உறுமலை அதட்டி நிறுத்தக் கூடாது. உறுமுவது கடிக்கும் முன் அவன் கொடுக்கும் எச்சரிக்கை. அதட்டி அதட்டி அதை நிறுத்திவிட்டால் பயம் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அப்படிப்பட்ட நாய்தான் சொல்லாமல் கடிக்கும். உறுமினால் பின்னால் நகருங்கள், எதனால் உறுமினான் என்று யோசியுங்கள்.

பேரனுக்கு மூன்று விஷயம் மட்டும் சொல்லிக் கொடு: சாப்பிடும்போது கிட்டே போகக் கூடாது, தூங்கும்போது எழுப்பக் கூடாது, கட்டிப்பிடிக்கக் கூடாது. ஆனாலும் குழந்தைதானே, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டு பேரையும் ஒரே அறையில் விடாதே. பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், மணிக்கு ஊசி போட்டிருந்தாலும் சரி. காப்பகத்தில் கொடுத்த அட்டையில் ரேபிஸ் ஊசி தேதியைப் பார்த்து வை.

மிக்ஸிச் சத்தத்துக்கு ஒரு வழி இருக்கிறது. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு நொடி ஓட்டச் சொல், சத்தம் வந்ததும் அவனுக்குக் கோழித்துண்டு. சத்தம் நின்றால் துண்டும் நிற்கும். பாவ்லோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி நாய்களை வைத்து ஆராய்ச்சி செய்த விஷயம்தான். மெதுமெதுவாக நேரத்தைக் கூட்டலாம். பயந்து ஒதுங்கினாலோ துண்டைத் தொடாவிட்டாலோ சத்தம் அதிகம் என்று அர்த்தம், மறுநாள் குறைத்துக்கொள். சாப்பாட்டுக்கு நேரம் மாறாமல் இருந்தால் போதும், தயிர்சாதமோ கோழிச் சாதமோ. வெங்காயம், திராட்சை, சாக்லேட் மட்டும் கூடவே கூடாது. இதைச் சம்பந்தியம்மாவிடமும் சொல்லிவிடு, சாம்பார் சாதத்தைப் பாசமாக வைத்துவிடப் போகிறார்.

ஒரு சந்தேகம் எனக்கு இருக்கிறது. சோர்ந்து கிடப்பது பயம் மட்டும்தானா என்று பார்த்துவிட வேண்டும். நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ, கோழியைக்கூடத் தொடாவிட்டாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்.

வெளியே கூட்டிப் போகும்போது கழுத்துப்பட்டை மட்டும் போதாது. மிரண்ட நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். மார்போடு சேர்த்து மாட்டும் ஹார்னஸ் ஒன்று, கழுத்துப்பட்டை ஒன்று, இரண்டிலும் தனித்தனிக் கயிறு. மாநகராட்சி உரிமத்தையும், தோலுக்கு அடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப்பையும் தள்ளிப்போடாதே. தொலைந்தால் உன்னிடம் திரும்பி வர அந்தச் சிப்தான் உதவும்.

தீபாவளியை நினைத்துத்தான் எனக்குக் கவலை. பட்டாசு வெடிக்கக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று அரசு நேரம் வைத்திருக்கிறது, யார் கேட்கிறார்கள்? அதற்கு முந்தைய வாரத்திலிருந்தே வெடிப்பார்கள். வெளிச்சம் இருக்கும்போதே நடக்கக் கூட்டிப் போய்விட்டு வந்துவிடு. ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் டிவியையும் போட்டு வை. பயந்து உன்னிடம் வந்து ஒட்டினால் விரட்டாதே. ஆறுதல் சொன்னால் பயம் கூடிவிடும் என்று சிலர் சொல்வார்கள், அது உண்மையில்லை. ரொம்ப நடுங்கினால் கொடுக்க மாத்திரை இருக்கிறது, ஆனால் டாக்டரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள், தீபாவளி அன்று தேடினால் கிடைக்காது.

அதனால் இந்த வருஷம் நீங்கள் தென்காசிக்கு வர வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தப்பட்டாள், அப்புறம் சரி என்றாள். நாங்கள் பொதிகை ரயிலில் அங்கே வருகிறோம். வந்ததும் "தாத்தா வந்திருக்கார் பார்" என்று மணியைக் கூப்பிட்டு என் முன்னால் நிறுத்தாதே. நான் பாட்டுக்கு ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன். அவனுக்குத் தோன்றும்போது வரட்டும்.

அன்புடன்,
அப்பா