கண்ணுக்குள் ஒரு விமானி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் அத்தனை சந்தோஷம். மூட்டுவலிதான் உன்னை விடமாட்டேன் என்கிறது போலிருக்கிறது. என்ன செய்ய, நம் வயசு அப்படி.

தினமும் தியானத்தில் உட்காருகிறாய் என்றும், எல்லா உயிரும் ஒன்றுதான் என்ற உணர்வு சில நாள் தானாகவே வருகிறது என்றும் எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வி: 'எழுந்ததும் நன்றி சொல் என்கிறார்கள், யாருக்கு என்று சொல்வது?' போன மாதம் கேட்டிருந்தால் கடவுளுக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இப்போது முடியவில்லை. நடுவில் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகிவிட்டது.

பயப்படாதே, நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் எதிர்ச் சுவரைப் பார்த்து அசந்துபோனேன். இத்தனை நாள் மங்கல் மஞ்சள் என்று நினைத்திருந்த சுவர் பளிச்சென்று வெள்ளை!

ஓய்வில் படுத்திருந்தபோது, புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள் வைத்த லென்ஸ் எப்படி வந்தது என்று தேடிப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 1940இல், இரண்டாம் உலகப் போரில், கார்டன் கிளீவர் என்ற பிரிட்டிஷ் விமானியின் விமானத்தைச் சுட்டிருக்கிறார்கள். விமானி தலைக்கு மேலிருந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் மூடி நொறுங்கி, துண்டுகள் அவர் கண்களில் பாய்ந்தன. ஒரு கண் பார்வை போய்விட்டது. இன்னொரு கண்ணில் சில துண்டுகள் அப்படியே தங்கிவிட்டன. அவரைப் பார்த்துவந்த டாக்டர் ஹரோல்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார்: அந்தத் துண்டுகளோடு கண் ஒத்துப்போய்விட்டது. அப்படியென்றால் அதே மாதிரிப் பொருளில் லென்ஸ் செய்து உள்ளே வைத்தால் என்ன? 1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் வைத்தே பார்த்துவிட்டார். பெரிய டாக்டர்கள் வருஷக்கணக்கில் அவரை எதிர்த்தார்களாம். வயதான காலத்தில் அவர் கண்ணுக்கும் லென்ஸ்தான் வைத்தார்கள்.

இப்போது நீயே சொல், நான் யாருக்கு நன்றி சொல்வது? அந்த விமானி எனக்கு உதவ வேண்டும் என்று நினைத்தவர் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது. அவர் பட்ட வேதனை எங்கெங்கோ சுற்றி என் கண்ணில் வெளிச்சமாக வந்து நிற்கிறது. சந்தோஷமாக நன்றி சொல்லக்கூடக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஜப்பானில் நைக்கான் என்று ஒரு பயிற்சி உண்டு. யோஷிமோட்டோ இஷின் என்பவர் 1940களில் வகுத்தது. ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு மூன்று கேள்வி கேட்க வேண்டும்: இவரிடமிருந்து எனக்கு என்ன கிடைத்தது? இவருக்கு நான் என்ன செய்தேன்? இவருக்கு என்னால் என்ன சிரமம்? அதிக நேரம் மூன்றாவதில்தான் செலவிட வேண்டுமாம். நன்றியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு எழுந்து போய்விடுகிறார்கள். அதில் மனசு குளிரும், வேறொன்றும் நடக்காது. (உன்னைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.)

எனக்கு மருமகள்தான் சொட்டு மருந்து விடுகிறாள். போனில் அலாரம் அடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவாள். ஒரு விரலால் கீழிமையை இழுத்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஒரு சொட்டு. "மூடிக்குங்க மாமா, இறுக்காதீங்க." அரை நிமிஷ வேலை. ஆனால் மூன்றாவது கேள்வியைக் கேட்டால் வேறு ஏதேதோ தெரிகிறது: பாதியில் நிறுத்திய போன் பேச்சு, படுத்த பத்து நிமிஷத்தில் எழுந்து வந்த தூக்கக் கண். நேற்று அலாரம் அடிக்கும் முன்பே நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சிரித்தாள்.

எல்லாம் ஒன்று என்பது எனக்குக் கொஞ்சம் பெரிய வார்த்தை, அப்பா. ஒரு சொட்டுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும் அளவுக்குத்தான் எனக்கு எட்டுகிறது. உனக்குத் தியானத்தில் வருவதும் இதுவும் ஒன்றுதானா என்று யோசித்து எழுது. அந்த மூன்றாவது கேள்வியை ஒரு நாள் உன் மனைவியை நினைத்துக் கேட்டுப் பார், என்ன வந்தது என்றும் சொல்.

அடுத்த கண்ணுக்கு வரும் மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அப்புறம், எனக்காகக் கொட்டை எழுத்தில் எழுத வேண்டாம். இனி உன் கோழிக் கிறுக்கலையே படித்துவிடுவேன்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்