எங்கள் பெண்ணின் ரத்தத்தில் என்ன கண்டீர்கள்? ஒரு பக்கம் தமிழில் எழுதித் தாருங்கள்

மதிப்புக்குரிய நிறுவன இயக்குநர் அவர்களுக்கும், ரத்தவியல் துறை ஆய்வாளர்களுக்கும், நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவது என் எண்ணமில்லை. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்துபோகும் ஐடிபி நோய் ஆய்வுக்காக இரண்டு வருடம் வந்துபோன கடலூர்க் குடும்பம் என்றால் உங்களுக்குத் தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை மகளை ரிவ்யூவுக்கு அழைத்து வந்திருந்தேன். மாத்திரைச் சீட்டு வாங்கியபின், "எங்க பொண்ணு ரத்தம் குடுத்தாளே, அந்த ஆராய்ச்சி என்ன ஆச்சுங்க?" என்று அலுவலகத்தில் கேட்டேன். "அது முடிஞ்சு பேப்பரே வந்துடுச்சு, நெட்ல பாருங்க" என்று பதில் வந்தது. சொன்னவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஊர் திரும்பியதும் என் அச்சகத்துக் கம்ப்யூட்டரில், டிடிபி போடும் தம்பியை வைத்துக்கொண்டு தேடினேன். கட்டுரை கிடைத்தது. தலைப்பு ஆங்கிலம், பத்து வரிச் சுருக்கம் ஆங்கிலம், அதற்குமேல் படிக்க டாலரில் பணம் கட்டச் சொன்னது. பக்கத்தில் நின்றிருந்த மகள், "இதுலதான் என் ரத்தம் இருக்காப்பா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த ஆய்வில் என்ன தெரியவந்தது என்று, ரத்தம் கொடுத்த குடும்பங்களுக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதித் தாருங்கள்.

ஐடிபி என்ன நோய் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குள் அது எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். காலையில் தலையணை உறையில் ஈறு கசிந்த கறை. கணுக்காலுக்கு மேலே குங்குமம் தெளித்த மாதிரி புள்ளிகள், விரலால் அழுத்தினாலும் மறையாது. பள்ளிக்கூட பெஞ்சில் லேசாக இடித்துக்கொண்டாலே முழங்கை கத்தரிக்காய் நிறத்தில் கன்றிவிடும். ஒரு தடவை வகுப்பு டீச்சர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் அப்பா அடிப்பாரா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைமேல் அக்கறை இருந்ததால்தான் கேட்டார்.

இந்தப் பெண்ணிடமிருந்துதான் ஐந்து தடவை ரத்தம் எடுத்தீர்கள். வழக்கமான கவுன்ட், அதாவது தட்டணு எண்ணிக்கை, பார்க்க எடுத்தது தனி. ஆய்வுக்கு நீல மூடி போட்ட குழாய். தட்டணுக்கள் சீக்கிரம் கெட்டுவிடும், எடுத்த சில மணி நேரத்துக்குள் சோதித்தாக வேண்டும், அதனால் கடலூரில் கொடுத்தனுப்ப முடியாது, காலையிலேயே நேரில் வாருங்கள் என்றார்கள். வந்தோம். திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் நாலரை மணி பஸ். தூக்கத்தில் என் தோளில் சாய்ந்தபடியே வருவாள். மற்றவர்கள் ஊசி குத்திய இடத்தைப் பஞ்சு வைத்து இரண்டு நிமிடம் அழுத்திவிட்டு எழுந்து போவார்கள். இவளுக்கு இருபது நிமிடம். நான்தான் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு எதிரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நின்றுவிட்டது என்று நினைத்துப் பஞ்சை எடுத்தால் மறுபடியும் ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். மறுபடியும் அழுத்துவேன். அந்த இடம் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகி ஆறப் பத்து நாளாகும். ஐந்தாவது தடவை காலாண்டுப் பரீட்சையில் கணக்குத் தாளை விட்டுவிட்டு வந்தாள். ஒரு தடவையாவது வரமாட்டேன் என்று சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், எதற்காக ரத்தம் கேட்கிறீர்கள் என்று ஒருவர் அவளுக்குச் சொல்லியிருந்தார். உங்கள் துறையில் அப்போது படித்துக்கொண்டிருந்த ஓர் இளம் ஆய்வாளர், பெண். இரண்டாவது தடவை வந்தபோது என் மகளின் டோக்கன் சீட்டைத் திருப்பி, பின்பக்கம் பேனாவால் வரைந்து காட்டினார். தட்டணு முழு அணுகூட இல்லை, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய அணுவிலிருந்து பிய்ந்து வரும் துண்டு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும், எட்டுப் பத்து நாள்தான் ஆயுசு. காயத்தை அடைப்பது மட்டும் அதன் வேலையில்லை, ரத்தத்துக்குள் கிருமி நுழைந்தால் அதன்மேல் ஒட்டிக்கொண்டு வெள்ளை அணுக்களையும் உசுப்பிவிடும். அப்போது சில வெள்ளை அணுக்கள் தங்கள் மரபணு இழையையே வலையாக வீசிக் கிருமியைப் பிடிக்கும். அந்த வலை இருப்பதே 2004-ல்தான் தெரியவந்தது, தட்டணுக்கள் தூண்டி அதை வீசவைக்கும் என்பது 2007-ல். இவ்வளவையும் ஒரு சீட்டில் வரைந்தார். வலையை மீன் வலை மாதிரியே போட்டார், தேவனாம்பட்டினம் பக்கம் வலை பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உடனே புரிந்தது.

"அப்ப எனக்கு எதிர்ப்பு சக்தி கம்மியா?" என்று கேட்டாள். "இல்லடா, ஆள் அடையாளம்தான் தப்பாகுது. உன் உடம்போட காவல்காரங்க உன் தட்டணுவையே திருடன்னு நினைச்சுப் பிடிச்சு மண்ணீரல்ல அழிச்சிடறாங்க" என்றார். அன்றிலிருந்து தன் நோயைப் பற்றி யார் கேட்டாலும் அவளே சொல்லிவிடுவாள்.

அந்த ஆய்வின் கேள்வியையும் அவர்தான் சொன்னார். ஒரு பிள்ளை பதினைந்தாயிரம் கவுன்ட்டிலும் ஓடியாடிக்கொண்டிருக்கிறது, இன்னொரு பிள்ளைக்கு முப்பதாயிரத்திலேயே ஈறு கசிகிறது. ஏன்? எஞ்சியிருக்கும் தட்டணுக்களின் சுறுசுறுப்பில் வித்தியாசமா, அவற்றைத் தாக்கும் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களில் வித்தியாசமா? எங்கள் பெண் முப்பதாயிரத்திலேயே ஈறு கசியும் அந்த இரண்டாவது வகை. அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அவள் வயதுக்கு வரும் நாளை நினைத்து என் மனைவி ராத்திரி தூங்குவதில்லை. மற்ற வீடுகளில் மஞ்சள் நீராட்டுக்குச் சேலை எடுப்பதைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வீட்டில் எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரலாம் என்று பேசுகிறோம். அந்தக் கேள்விக்கு ஏதாவது பதில் கிடைத்ததா என்று தெரிந்துகொள்ள எங்களைவிட ஆசைப்படுபவர்கள் யார் இருக்க முடியும்?

இந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். 1950-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் டாக்டர், ஐடிபி நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்திலேயே அவருடைய தட்டணுக்கள் அபாயமான அளவுக்கு விழுந்தன, வலிப்பு வந்தது, ஐந்தாம் நாள்தான் தேறினார். தட்டணுக்களை அழிக்கும் ஏதோ ஒன்று நோயாளியின் ரத்தத்திலேயே இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. அவருடைய துணிச்சலை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. கூடவே ரத்தம் கொடுத்த அந்த நோயாளியும் ஞாபகத்துக்கு வருகிறார். தன் ரத்தத்தில் என்ன கண்டார்கள் என்று அவரிடம் யாராவது உட்கார்ந்து சொல்லியிருப்பார்களா?

நீங்கள் சொல்லாத இடத்தில் வேறு யாரோ சொல்கிறார்கள். டெங்கு சீசன் வந்தால் எங்கள் தெருவே பப்பாளி இலையை அரைக்கிறது. அதே சாற்றை என் மகளுக்கும் கொடுக்கச் சொல்லி டம்ளரோடு வந்த சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர். டெங்குவில் தட்டணு குறைவதும் இதுவும் வேறு வேறு என்று நான் எத்தனை வீட்டில் போய்ச் சொல்வது? கவுன்ட் குறைந்தாலே பிளேட்லெட் ஏற்றியாக வேண்டும் என்று ஜனங்கள் நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் ரத்தம் தேடி அலைகிறார்கள். ரத்தப்போக்கு இல்லாத டெங்கு நோயாளிகளுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றுவதால் ரத்தக்கசிவு குறைவதில்லை என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்த ஆய்வு 2017-லேயே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் குடியிருக்கும் என் மச்சினி வீட்டில் சோதனைக்கென்று கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள், இரண்டு தடவை. அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள். எங்கள் காற்றையும் தண்ணீரையும் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டு போக வழி இருக்கிறது, எங்களிடம் திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்ல மட்டும் யாருக்கும் வழி தெரியவில்லை.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

ரத்தம் எடுக்கும் முன் எங்களிடம் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கினீர்கள். அது தமிழில் இருந்தது, நான்கு பக்கம். கேட்பதற்கு நான்கு பக்கத் தமிழ் உங்களிடம் இருந்தது, சொல்வதற்கு ஒரு பக்கம் இருக்காதா? ஆய்வில் பங்கெடுத்தவர்கள் அதன் பொதுவான முடிவுகளைத் தெரிந்துகொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று உலக மருத்துவச் சங்கத்தின் ஆய்வு நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனமே சொல்கிறது. 2013-ல் திருத்திய பிரகடனத்தில் இருக்கிறது. நெறிமுறைக் குழுவில் இருக்கும் பெரியவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை.

என் மகளுடைய தனி ரிப்போர்ட்டை நான் கேட்கவில்லை. மற்ற பிள்ளைகளின் விவரமும் எனக்கு வேண்டாம். மொத்தத்தில் என்ன கண்டீர்கள், எதைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அடுத்து என்ன பார்க்கப் போகிறீர்கள், அவ்வளவுதான். ஒன்றும் தெளிவாகவில்லை என்றால் அதையே எழுதுங்கள். அதுவும் எங்களுக்குப் பதில்தான். அதைத் தாங்கிக்கொள்வோம்.

எழுதித் தந்தால் என் அச்சகத்திலேயே அச்சடித்துத் தருகிறேன். தாளும் மையும் கூலியும் என் பொறுப்பு. எத்தனை குடும்பங்கள் ரத்தம் கொடுத்தன என்ற எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். முகவரிகளை நான் பார்க்க வேண்டாம், உங்கள் அலுவலகமே தபாலில் சேர்க்கட்டும்.

அடுத்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ரிவ்யூ. வழக்கம்போல முதல் பஸ்ஸில் வந்துவிடுவோம். அந்த டோக்கன் சீட்டை மகள் தன் ஜாமென்ட்ரி பாக்ஸில் மடித்து வைத்திருக்கிறாள், கொண்டுவரச் சொல்கிறேன். எழுதப்போகிறவர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

பணிவுடன்,
ஐந்து தடவை ரத்தம் கொடுத்த பெண்ணின் தகப்பன்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.